பஸ்ஸா, மல்டிப்ளையரா? ஒரே 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு இரண்டு வழிகள்

பிராசஸரை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்க்ளாக். அதற்கான பக்கத்தைப் பயாஸில் (கணினி துவங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) திறந்ததும் கண்ணில் படுவது இரண்டு எண்கள். ஒன்று பஸ் வேகம், அதாவது பாகங்களை இணைக்கும் பொதுத் தடத்தின் துடிப்பு. மதர்போர்டைப் பொறுத்து எஃப்எஸ்பி, ஹோஸ்ட் க்ளாக், பிசிஎல்கே என்று அதற்குப் பல பெயர்கள். இன்னொன்று மல்டிப்ளையர், சில போர்டுகளில் ரேஷியோ. இரண்டையும் பெருக்கினால் பிராசஸரின் வேகம் வந்துவிடும். கோர் 2 குவாட் கியூ6600 கடையிலிருந்து வரும்போது 266 × 9, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ். அதை 3.2 ஆக்க வேண்டுமென்றால் 356 × 9 என்றும் போடலாம், 400 × 8 என்றும் போடலாம். வாய்ப்பாட்டுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அப்படியில்லை.

எனக்கு இது பிடிபட்டது கச்சேரி மேடையை வைத்துத்தான். பாடகர் தொடையில் தட்டும் தாளம் இருக்கிறதே, அதுதான் பஸ் க்ளாக். அந்த ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டுதான் மிருதங்கம், கடம், வயலின் எல்லாம் ஓடுகின்றன. ஒரு தட்டுக்குள் எத்தனை எண்ணிக்கையை அடைக்கிறோம் என்பது நடை: சதுஸ்ரம் என்றால் நான்கு, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. மல்டிப்ளையர் என்பது பிராசஸர் மட்டும் வாசிக்கும் நடை. தாளத்தையே வேகமாகத் தட்டினால் மேடையிலுள்ள அத்தனை பேரும் கூடவே ஓட வேண்டும். கடக்காரருக்குக் கை ஓய்ந்தால் கச்சேரி அங்கேயே நிற்கும். நடையை மட்டும் மாற்றினால் மிருதங்கக்காரர் ஒருவருக்குத்தான் வியர்க்கும்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் எண் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நல்லது, இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கியூ6600இன் விவரக்குறிப்பில் எஃப்எஸ்பி 1066 என்றிருக்கும். பயாஸில் 266. சிபியு-இசட் மென்பொருள் இரண்டையும் காட்டும்: பஸ் ஸ்பீடு 266, ரேட்டட் எஃப்எஸ்பி 1066. க்ளாக் துடிப்பது நொடிக்கு 266 மில்லியன் முறைதான். ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு தடவை தரவு போவதால் 1066. இன்டெல் பஸ் சதுஸ்ர நடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்லான் எக்ஸ்பி காலத்து ஏஎம்டி பஸ் துடிப்புக்கு இரண்டு தடவை அனுப்பும், அதனால் அங்கே 166ஐ 333 என்பார்கள். ரேமும் இதே கதைதான்: டிடிஆர்2-800 என்பதன் உண்மைத் துடிப்பு 400. "பஸ்ஸை 1333 ஆக்கினேன்" என்று ஒருவரும் "333 ஆக்கினேன்" என்று இன்னொருவரும் சொன்னால் இருவரும் செய்தது ஒரே வேலை. என்விடியா 680i சிப்செட் (பாகங்களை இணைக்கும் துணைச் சிப்) கொண்ட போர்டுகளைப் போல நான்கால் பெருக்கிய எண்ணையே கேட்கும் பயாஸ்களும் உண்டு. எண்ணை மாற்றும் முன், அங்கே ஏற்கெனவே இருக்கும் எண் 266ஆ, 1066ஆ என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பஸ் வழி பிரபலமானதற்குக் காரணம் அது சிறந்த வழி என்பதல்ல, மற்ற வழியைப் பூட்டிவிட்டார்கள் என்பதே. பழைய பென்டியம் போர்டுகளில் மல்டிப்ளையரை ஜம்பர் (போர்டிலுள்ள சின்னச் செருகி) மாற்றியே கூட்டலாம். குறைந்த வேகச் சிப்பின் மேல் கூடுதல் வேக எண்ணை அச்சடித்து விற்ற தில்லுமுல்லு வியாபாரத்துக்கும் அது வசதியாகிப் போனது. பென்டியம் 2 காலத்தில் இன்டெல் மல்டிப்ளையரைப் பூட்டியது. மிச்சமிருந்தது பஸ் மட்டும்.

அப்போது வந்ததுதான் செலரான் 300ஏ. 1998 ஆகஸ்ட். 66 × 4.5 = 300 மெகாஹெர்ட்ஸ். உள்ளேயே பிராசஸரின் முழு வேகத்தில் ஓடும் 128 கேபி எல்2 கேஷ் என்ற வேக நினைவகம். இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை முறைப்படியே தாங்கும். ஆக, அபிட் பிஎச்6 மாதிரி போர்டில் செருகி 66ஐ 100 ஆக்கினால் 450. அதே மாதம் வெளிவந்த பென்டியம் 2 450இன் மொத்த விலை 669 டாலர், செலரானுக்கு 149. பயாஸில் பஸ்ஸை மாற்ற வழியில்லாத போர்டு வைத்திருந்தவர்கள் பிராசஸர் அட்டையில் பி21 என்ற பின்னின் மேல் சின்ன டேப் துண்டை ஒட்டி, "நான் 100 மெகாஹெர்ட்ஸ் சிப்" என்று போர்டை நம்பவைத்தார்கள்.

ஆனால் அந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ஒலி அட்டை, நெட்வொர்க் அட்டை, ஹார்ட் டிஸ்க் கட்டுப்படுத்தி எல்லாம் தொங்கிக்கொண்டிருந்த பிசிஐ பஸ்ஸுக்குத் தனித் தாளம் கிடையாது. பஸ் க்ளாக்கைப் பங்கு போட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். அதன் சரியான வேகம் 33. 66 பஸ்ஸில் பாதி எடுத்தால் 33. 100 பஸ்ஸில் மூன்றில் ஒன்று எடுத்தால் அதே 33. இடையிலுள்ள 75, 83 இரண்டுக்கும் பாதிப் பங்குதான். அதனால் 75இல் பிசிஐ 37.5, 83இல் 41.5. அதாவது பயந்து பயந்து 83 × 4.5 = 374 என்று நிறுத்திக்கொண்டவரின் ஹார்ட் டிஸ்க்தான் ஆபத்தில் இருந்தது. துணிந்து 450க்குப் போனவரின் ஹார்ட் டிஸ்க் எதுவும் நடக்காதது போல 33இல் ஓடியது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்த கதை. நண்பர் ஒருவரின் கணினியில் நான் இப்படி 83இல் நிறுத்திவைத்து, ஒரு வாரம் கழித்து அவருடைய கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தபோது ரேமைத்தான் சந்தேகப்பட்டேன். பிராசஸர் மீது தவறே இல்லை என்பது புரிய வெகுநாள் ஆனது.

ஏஎம்டி பக்கம் கொஞ்சம் தாராளம். தண்டர்பேர்ட் அத்லானில் எல்1 என்று குறிக்கப்பட்ட நுண்ணிய இணைப்புப் புள்ளிகளைப் பென்சிலால் கோடிட்டுச் சேர்த்தால் மல்டிப்ளையர் திறந்துகொள்ளும். பென்சில் முனையிலிருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துமல்லவா? பின்னால் வந்த பார்ட்டன் 2500+ பஸ் வழிக்கே பிறந்தது போல இருந்தது: 166 × 11 = 1833. பஸ்ஸை 200 ஆக்கினால் 2200, அதுவே 3200+ என்ற விலையுயர்ந்த மாடலின் வேகம். போர்டில் என்ஃபோர்ஸ்2 சிப்செட் இருந்தால் பிசிஐ, ஏஜிபி (கிராஃபிக்ஸ் அட்டைக்கான தடம்) இரண்டையும் அவற்றின் வேகத்திலேயே பூட்டிவைக்க முடியும். கடத்தையும் வயலினையும் வேறு தாளத்துக்கு மாற்றிவிட்ட மாதிரி.

கோர் 2 காலத்தில்தான் இரண்டு வழிகளையும் நியாயமாக எதிரெதிரே நிறுத்த முடிகிறது. 2006இல் இ6300 என்ற மாடல் 183 டாலர், மல்டிப்ளையர் 7. இ6600 என்ற மாடல் 316 டாலர், மல்டிப்ளையர் 9. மிஸ்ரமும் சங்கீர்ணமும். இரண்டுக்கும் பஸ் 266. இரண்டையும் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் இ6600க்குப் பஸ் 333 போதும். எந்தச் சுமாரான போர்டும் தாங்கும். இ6300க்கு 429 வேண்டும். அந்த இடத்தில் பிராசஸர் சோர்ந்துபோவதற்கு முன்பே போர்டின் நார்த்பிரிட்ஜ் (பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் சிப்) சோர்ந்துவிடலாம். மலிவான பிராசஸர் வாங்கி மிச்சம் பிடித்த காசில் நல்ல போர்டும் வேகமான ரேமும் வாங்க வேண்டியதாயிற்று. இ6600இல் கேஷும் 4 எம்பி, இ6300இல் 2 எம்பி. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், பஸ்ஸை மட்டும் நம்பி மலிவு மாடல் வாங்கியவருக்கு லாபம் அவர் நினைத்த அளவு இல்லை. உயர்ந்த மல்டிப்ளையர் என்பது நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

இப்போது தொடக்கத்தில் சொன்ன கியூ6600. இதன் மல்டிப்ளையர் 9க்கு மேல் ஏறாது, ஆனால் கீழே இறங்கும். அதனால்தான் 356 × 9, 400 × 8 என்று இரண்டு வழி.

பஸ்ஸை 400 ஆக்கினால் பஸ்ஸின் கொள்ளளவு நொடிக்கு 12.8 ஜிபி, 356இல் 11.4. இது இந்தச் சிப்புக்குக் கொஞ்சம் அதிகமாகவே பயன்படும், ஏனென்றால் கியூ6600 ஒரே துண்டு சிலிக்கானில் நான்கு கோர் அல்ல. இரண்டு இரட்டைக் கோர் துண்டுகளை ஒரே தட்டில் ஒட்டிவைத்தது. ஒரு துண்டிலுள்ள கோர் மற்றத் துண்டிலுள்ள கோரோடு பேச வேண்டுமென்றால் எஃப்எஸ்பி வழியாகத்தான் போய்வர வேண்டும். ரேமுக்குப் போகிற வண்டியும் அதே சாலையில்தான். சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அன்றாட வேலைகளில் கடிகாரம் வைத்துப் பார்த்தால் கிடைப்பது ஒற்றை இலக்கச் சதவீத லாபம், பல நேரம் அதுவும் இல்லை.

400இன் உண்மையான கவர்ச்சி ரேம் கணக்கில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது டிடிஆர்2-800. பஸ் 400, பஸ்ஸுக்கும் ரேமுக்கும் விகிதம் 1:1 என்றால் ரேம் அட்சரம் பிசகாமல் 800இல் ஓடும். 356இல் 1:1 போட்டால் ரேம் 712க்கு இறங்கி வேலை குறைந்து உட்கார்ந்திருக்கும். 5:6 போட்டால் 854க்குப் போய் அதுவும் ஓவர்க்ளாக் ஆகிவிடும். அப்புறம் கணினி உறைந்தால் பிராசஸரா, ரேமா, யாரைக் கேட்பது?

மறுபக்கம், நான்கு கோர் சிப் பஸ்ஸின் மேல் இரட்டைச் சுமை வைக்கிறது. இரட்டைக் கோர் சிப்பை 450இல் சிரமமில்லாமல் ஓட்டும் போர்டு கூட, கியூ6600ஐச் செருகினால் அதற்கு முன்பே மூச்சு வாங்கும். 400க்கு நார்த்பிரிட்ஜுக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கொடுக்க வேண்டி வரும்; அதன் சின்ன ஹீட்சிங்க்குக்குத் தனி விசிறி இருக்காது. வெயில் காலத்தில் மதுரையிலோ சென்னையிலோ குளிர்சாதனம் இல்லாத அறையில் இது சின்ன விஷயமில்லை. இன்னொன்று: பஸ் ஒரு எல்லையைத் தாண்டியதும் சில சிப்செட்கள் தங்கள் உள்நேரங்களைத் தளர்த்திக்கொள்ளும், ஸ்ட்ராப் மாறுவது என்பார்கள். எண் ஏறியும் ரேம் வேகம் இறங்கியதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

என் தீர்ப்பு: பி35 சிப்செட் உள்ள நல்ல போர்டு என்றால் 400 × 8. அதைவிடப் பழைய போர்டு என்றால் 3.2 ஆசையை விட்டுவிட்டு 333 × 9 = 3.0. பிராசஸர் தவிர மற்றப் பாகங்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது, ரேமும் 5:6 விகிதத்தில் சரியாக 800இல் நிற்கும். 356 × 9 எனக்குப் பிடித்ததே இல்லை. அது இரண்டு பக்கத்துச் சிக்கலையும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டது.

2008 நவம்பரில் கோர் ஐ7 வந்தபோது எஃப்எஸ்பி போய்விட்டது. அதன் இடத்தில் 133 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பு, பிசிஎல்கே. இந்த ஒரு துடிப்பிலிருந்து நான்கு மல்டிப்ளையர்கள் பிரிந்தன: கோர், அன்கோர் (சிப்பினுள் கோர் அல்லாத பகுதி), ரேம், கியூபிஐ (பிராசஸரைச் சிப்செட்டோடு இணைக்கும் தடம்). 284 டாலர் ஐ7-920இல் கோர் மல்டிப்ளையருக்கு உச்சவரம்பு. 999 டாலர் 965 எக்ஸ்ட்ரீமில் திறந்தே இருக்கும். 4 கிகாஹெர்ட்ஸுக்கு 965காரர் 133 × 30 என்று ஒரே எண்ணை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். 920காரர் 200 × 20 போட வேண்டும். போட்டதும் கியூபிஐ 200இன் 36 மடங்காகி 7.2க்கு எகிறும் (965இலேயே அதிகாரபூர்வ அளவு 6.4தான்), ரேம் 8 மடங்கில் 1600 ஆகும், அன்கோர் ரேமைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பதால் 3200க்கு ஏற வேண்டும், அதற்கு வோல்டேஜ் வேண்டும். பலர் தானாக ஒரு படி ஏறும் டர்போ மல்டிப்ளையரைப் பிடித்துக்கொண்டு 190 × 21 என்று போய் கியூபிஐயைக் கொஞ்சம் அடக்கினார்கள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் 715 டாலர் வித்தியாசத்துக்கு ஒரு மாலை என்ன, ஒரு வாரமே உட்காரலாம். பஸ் வழி கடைசியாகத் தெளிவாக ஜெயித்த ஆட்டம் இதுதான் என்பேன்.

2011 ஜனவரியில் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை வந்து ஆட்டத்தையே கலைத்தது. பிசிஎல்கே 100. அந்த ஒரே க்ளாக்கிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி, டிஎம்ஐ என்று மற்ற இணைப்புத் தடங்கள் எல்லாம் ஓடின. 103, 105 என்று தட்டினாலே எங்கோ ஒன்று உதறும். செலரான் காலத்துப் பிசிஐ பிரச்சினை திரும்பி வந்தது, இந்த முறை பங்கு பிரிக்கும் வசதி கூட இல்லாமல். பதிலுக்கு இன்டெல் கொடுத்தது கே எழுத்து, பெயரின் கடைசியில் அது இருந்தால் மல்டிப்ளையர் திறந்திருக்கும்: ஐ5-2500 விலை 205 டாலர், ஐ5-2500கே 216. பி67 சிப்செட் போர்டில் 45 × 100 போட்டால் 4.5. பதினொரு டாலரில் முடிந்த விஷயத்துக்காகப் பஸ்ஸோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்து அப்போதே பரிதாபப்பட்டேன்.

2015இல் இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறை பிசிஎல்கேயைப் பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிரித்துவிட்டது. உடனே டிசம்பரில் அஸ்ராக் போன்ற போர்டு தயாரிப்பாளர்கள் கே இல்லாத சிப்புகளுக்கும் பஸ் வழியைத் திறக்கும் பயாஸ்களை வெளியிட்டார்கள். 3.7 கிகாஹெர்ட்ஸ் ஐ3-6100ஐ 120 × 37 = 4.44க்குக் கொண்டுபோகலாம். ஆனால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் போய்விடும், மின்சேமிப்பு நிலைகள் போய்விடும், வெப்பநிலை சரியாகத் தெரியாது, கனமான கணக்குகளுக்கான ஏவிஎக்ஸ் கட்டளைகள் படுத்துவிடும். 2016 பிப்ரவரிக்குள் இன்டெல் அந்தக் கதவை மூடத் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியில் ஐ5-12400இலும் இதே வித்தை நடந்தது, 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியே ஓடியது. முதலில் அதைச் செய்ய முடிந்த போர்டுகள் பிராசஸரைப் போலப் பல மடங்கு விலை. யானையைக் கட்டச் சங்கிலி வாங்கலாம், பூனையைக் கட்ட யார் வாங்குவார்கள்?

ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு மல்டிப்ளையர் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது, கால் கால் படியாக, அதாவது 25 மெகாஹெர்ட்ஸ் படியாகக் கூட்டலாம். இங்கே வேறொரு பொறி. 5600எக்ஸ் தானாகவே ஒற்றைக் கோரில் 4.6 வரை போகும். நீங்கள் எல்லாக் கோரையும் 45.00 மல்டிப்ளையரில், அதாவது 4.5இல் நிறுத்திவைத்தால் அந்த உச்சத்தை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். ஏஎம்டியில் பழைய பஸ்ஸின் வாரிசு பிசிஎல்கே அல்ல, சிப்பின் உள்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். ரைசன் 3000, 5000 வரிசைகளில் டிடிஆர்4-3600 போட்டு ஃபேப்ரிக்கை 1800இல் 1:1ஆக ஓட்டுவது மல்டிப்ளையரைக் கூட்டுவதைவிடப் பல விளையாட்டுகளில் நன்றாகத் தெரியும். பஸ் வேகத்தில் ஆர்வமுள்ளவர் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இன்று அதுதான். மல்டிப்ளையரைப் பூட்டி வந்த 5800எக்ஸ்3டி மாதிரி சில சிப்புகளுக்குத்தான் பிசிஎல்கே பக்கம் போக வேண்டியிருக்கும், அதற்கும் போர்டில் தனிக் க்ளாக் ஜெனரேட்டர் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பிராசஸர் குடிக்கும் மின்சாரம் ஒன்றுதான்: வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். அதனால் வெப்பத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சோதிக்கும் வரிசைதான் முக்கியம். பஸ் வழி என்றால் முதலில் மல்டிப்ளையரை (கோர் 2 என்றால் 6க்கு) இறக்குங்கள், ரேம் விகிதத்தையும் இறக்குங்கள், பிறகு பஸ்ஸை மட்டும் ஏற்றிப் போர்டின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். பஸ்ஸைப் பழைய இடத்துக்கு இறக்கி, ரேமைத் தனியே மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளில் விடுங்கள். கடைசியாகத்தான் பஸ்ஸைக் கண்டுபிடித்த எல்லைக்குள் வைத்து, மல்டிப்ளையரை ஏற்றி, பிராசஸரை வதைத்துப் பார்க்கும் பிரைம்95. மூன்றையும் சேர்த்து ஏற்றிவிட்டு நீலத்திரை வந்தால் யார் காரணம் என்று கண்டுபிடிக்க ஜோசியரைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: பயாஸில் 100 போட்டிருக்கிறேன், சிபியு-இசட் 99.8 காட்டுகிறதே, பஸ்ஸை 100.2 ஆக்கட்டுமா? வேண்டாம். மின்காந்த இரைச்சல் ஒரே அலைவரிசையில் குவியாமலிருக்க போர்டு துடிப்பை லேசாக அலையவிடுகிறது; ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்று பயாஸில் இருக்கும். அதை அணைத்தால் 100 ஆகிவிடும். அணைக்காவிட்டாலும் 4.5 கிகாஹெர்ட்ஸில் நீங்கள் இழப்பது 9 மெகாஹெர்ட்ஸ்.